காற்றையும் தண்ணீரையும் பார்த்து வீட்டு வேலைகளை அடுக்கிய ஓராண்டு

இந்தப் பொங்கலுக்கு முந்தைய நாள், காப்புக்கட்டு அன்று மாலையில், பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் வேப்பிலையோடு சேர்த்துக் கட்டி இறவாரத்தில் செருகிவிட்டு உள்ளே வந்தபோது, செய்வதற்கு வேலை எதுவும் மிச்சமில்லை. இந்த வீட்டுக்கு வந்த 14 ஆண்டுகளில் இது முதல் முறை. மற்ற ஆண்டுகளில் அந்த மாலையில் ஒட்டடைக் குச்சி ஒரு மூலையிலும் சுண்ணாம்பு வாளி இன்னொரு மூலையிலுமாகக் கிடக்கும். இரவு பதினொரு மணிக்குத் தரையைக் கழுவிக்கொண்டிருப்பேன். இந்த நிலைக்கு வருவதற்குள் ஓராண்டில் எத்தனையோ வேலைகளைத் தப்பான மாதத்தில் செய்து, மறுபடியும் செய்தேன். எதை எங்கே மாற்றினேன் என்பது மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன்.

வீடு பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முன்பக்கம் சீமை ஓடு வேய்ந்த ஆசாரமும் (கூடம்) இரண்டு அறைகளும். பின்பக்கம் பிற்பாடு ஒட்டிக் கட்டிய தார்சு (தளம் போட்ட பகுதி), அதன் மேல் மொட்டை மாடி. பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) குளியலறையும் துணி துவைக்கும் கல்லும். மேற்கே எங்கள் வீட்டுக்கும் மண்பாதைக்கும் அப்பால் உழவுக்காடு; விளைநிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம். கிழக்கே ஒரு பெரிய வேப்பமரம் மொட்டை மாடியின் மேல் பாதிக்குக் கிளை பரப்பி நிற்கிறது. புழங்குவதற்கு ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர். குடிக்க, சமைக்க எட்டு நாளுக்கு ஒரு முறை வரும் ஆற்றுத் தண்ணீர். சின்னவனுக்குத் தூசி ஆகாது, இளைப்பு வந்துவிடும். ஆகையால் சுத்தம் என்பது எங்கள் வீட்டில் பார்வைக்கு மட்டும் ஆனதல்ல.

போன தை மாதக் கடைசியில் ஒரு பெரிய வெள்ளை அட்டை வாங்கி, வீட்டில் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வரும் வேலைகளை எழுதினேன். 41 வேலைகள் வந்தன. பன்னிரண்டு கட்டம் போட்டு, மாதத்துக்கு மூன்று நான்கு என்று சமமாகப் பிரித்து, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் பண்டிகைகளையும் பார்த்துக் கொஞ்சம் நகர்த்தி, சமையலறைக் கதவின் பின்னால் ஒட்டினேன். எனக்கு எந்த மாதம் நேரம் இருக்கும் என்பதை மட்டுமே அதில் கணக்கிட்டிருந்தேன். அந்த மாதத்தில் காற்று எப்படி இருக்கும், தொட்டியில் தண்ணீர் இருக்குமா, சுவர் காய்ந்திருக்குமா என்பதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

மாசி மாதம் சிக்கலின்றிப் போனது. பங்குனியில் செய்தவையும் நன்றாகவே அமைந்தன. வெயில் ஏறியிருந்தாலும் காற்று இன்னும் எழவில்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று அப்போது தெரியவில்லை. தலையணைகள் ஒன்பதையும் உறை கழற்றி, இரண்டு நாள், காலை பத்து முதல் மாலை நான்கு வரை, மணிக்கு ஒரு முறை புரட்டிக் காயவைத்தேன். இலவம் பஞ்சைத் தண்ணீரில் போடக்கூடாது, வெயில் மட்டுமே அதற்கு மருந்து. இலவங்காய் வெடிக்கும் பருவமும் அதுதான் என்பதால், நசுங்கிப் போயிருந்த இரண்டு தலையணைகளுக்குப் புதுப் பஞ்சும் கிடைத்தது. ஒன்றுக்கு ஒன்றேகால் கிலோ பிடித்தது. கம்பு, துவரம்பருப்பு, தட்டைப்பயறு மூன்றையும் அதே வாரத்தில் காயவைத்தேன். இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு தகர டின்னில் கொட்டி மூடினால் உள்ளே வியர்த்துப் புழு வைக்கும். இரவு முழுவதும் நிழலில் பரப்பி ஆறவிட்டு, மறுநாள் காலையில், சருகாகக் காய்ந்த வேப்பிலையை இடையிடையே போட்டு மூடியவை மார்கழி வரை வண்டு இல்லாமல் இருந்தன.

முதல் பெரிய தவறு சித்திரையில் நடந்தது. பிள்ளைகளுக்கு விடுமுறை, கணவரும் நான்கு நாள் வீட்டில் இருந்தார் என்பதால், தரைத்தொட்டி கழுவுவதையும் சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதையும் அந்த மாதத்தில் வைத்திருந்தேன். தரைத்தொட்டி 6,000 லிட்டர் கொள்ளும். அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சேறு படிந்திருந்தது. மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாடவிட்டு, மேலே ஒருவர் நின்றுகொள்ள, கணவர் ஏணி வைத்து இறங்கினார். மேலே ஆள் இல்லாமல் தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது, அது எத்தனை சிறிய தொட்டியாக இருந்தாலும். 10 லிட்டர் வாளியில் 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரைச் சுவர்களில் தேய்த்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவினார். வேலை நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அதற்காக மிச்சமிருந்த 1,500 லிட்டர் ஆற்றுத் தண்ணீரை வெளியேற்றியிருந்தோம். அடுத்த தண்ணீர் எட்டாம் நாள் வராமல் பத்தொன்பதாம் நாள் வந்தது. இடையில் டிராக்டரில் 4,000 லிட்டர் தண்ணீர் வாங்க 900 ரூபாய் ஆயிற்று. இப்போது தொட்டி கழுவும் நாளை மாசியில், தண்ணீர் வரும் முறைக்கு முந்தைய நாளாக வைத்துக்கொண்டேன். அதற்கு முன் மூன்று நாள் அந்தத் தொட்டியிலிருந்தே பாத்திரம் கழுவி நீரைக் குறைத்துவிடுவோம். நிரம்பிய பின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடர் கலக்கச் சொன்னவர் ஊரில் தண்ணீர் திறந்துவிடும் அண்ணன்தான்.

சுண்ணாம்பும் சித்திரையில் ஏமாற்றியது. சுட்ட சுண்ணாம்புக் கல் 10 கிலோ வாங்கி, பீப்பாயில் தண்ணீர் ஊற்றி, கொதித்து அடங்கியபின் இரண்டு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அரைக் கிலோ கல்லுப்பும் அரிசிக் கஞ்சியும் இரண்டு கரண்டி நீலமும் சேர்த்து முறையாகத்தான் கலந்தேன். ஆனால் சுட்டுக் கிடந்த சுவரில் மட்டையை வைத்து இழுத்த உடனேயே அது காய்ந்துபோனது. ஒரு வாரம் கழித்துக் கையை வைத்தால் உள்ளங்கை முழுவதும் வெள்ளை; தோள் உரசினால் சட்டையில் வெள்ளை. சுண்ணாம்பு ஈரத்தோடு இருந்து, காற்றை மெல்ல வாங்கித்தான் இறுகும். ஈரம் ஒரே மூச்சில் போய்விட்டால் பொடியாகவே நின்றுவிடும்.

ஆனியில் செய்த தவறுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. பள்ளி திறந்து வீடு அமைதியானதும், அட்டையில் எழுதியிருந்தபடி ஒட்டடை அடித்தல், ஜன்னல் கழுவுதல், கொசுவலைச் சட்டங்களைக் கழற்றித் துவைத்தல் மூன்றையும் இரண்டு நாளில் முடித்தேன். நான்காம் நாள் காலையில் மேற்கு ஜன்னல் கட்டையில் விரலால் பெயர் எழுதலாம் போல் செம்மண் படிந்திருந்தது. மறுபடியும் கழுவினேன். ஒரு வாரத்தில் மறுபடியும் அதே. அத்தை அப்போது திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "காத்து அடங்கட்டும் கண்ணு, அப்புறம் அடிச்சாத்தான் அடிச்ச மாதிரி இருக்கும்" என்றார்கள். நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆடி முதல் வாரத்தில் மூன்றாம் முறையும் கொசுவலையைத் துவைத்தேன். அன்று இரவு சின்னவனுக்கு இளைப்பு வந்தது.

அதன் பிறகுதான் எடை போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். 12 அடிக்கு 14 அடி ஆசாரத்தைத் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரே பூந்துடைப்பத்தால் பெருக்கி, அள்ளிய மண்ணைப் பெரியவள் கேக் செய்வதற்காக வாங்கிய தராசில் வைத்தேன். ஆடியில் ஏழு நாள் எடுத்த சராசரி 38 கிராம். மேற்குப் பக்க ஜன்னல்கள் மூன்றையும் காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை சாத்தி, கதவடி இடைவெளியில் பழைய பனியன் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டுப் போட்ட ஏழு நாள் சராசரி 21 கிராம். ஆவணிக் கடைசியில், ஜன்னல்களைத் திறந்து வைத்தபடியே, 15. இப்போது முடிந்த மார்கழியில் வெறும் 9.

எங்கள் பகுதியில் இது புரிந்துகொள்ள முடியாத விஷயமல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நேராக எங்கள் காடுகளின் மேல்தான் வருகிறது. பல்லடத்தையும் உடுமலையையும் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வெறும் காற்றாக வந்து சேர்கிறது. ஆடிப் பட்டத்துக்காக உழுது புரட்டிப் போட்ட காய்ந்த மண் அப்போது காட்டில் கிடக்கிறது. இந்த மூன்று மாதத்தில் ஒட்டடை அடிப்பதும் ஜன்னல் கழுவுவதும் வீண் உழைப்பு என்பதை அந்தத் தராசு எனக்குக் காட்டியது.

ஆகவே வைகாசிப் பாதியிலிருந்து ஆவணி வரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு செய்யக்கூடிய வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். பெருக்குவதைக் குறைத்து, ஈரத்துணியால் துடைப்பதைக் கூட்டினேன். அதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்டைப் போல் நல்ல துணி வேறில்லை. கிலோ 60 ரூபாய்க்கு வாங்கியதில் வெள்ளைத் துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டேன், ஏனென்றால் சாயத் துண்டுகள் ஈரத்தில் நிறம் விடுகின்றன. அலமாரி, மருந்துப் பெட்டி, பத்திரக் கோப்புகள், பாத்திர அடுக்கு எல்லாம் ஆடியில் முடிந்தன. காற்றால் ஒரு நன்மையும் உண்டு: கிழக்குச் சுவரோரம், காற்று மறைவில், கயிறு கட்டிப் போட்ட கனமான ஜமுக்காளம் மூன்று மணி நேரத்தில் காய்ந்தது.

உப்புப் படிவை எடுத்ததும் ஆடியில்தான். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை டிடிஎஸ் கருவி வைத்துப் பார்த்தபோது 1,400 காட்டியது. ஆற்றுத் தண்ணீர் 90. குளியலறைக் குழாய்களின் கழுத்தில் வெள்ளை வளையம் கல்லாகவே இறுகியிருந்தது. முதலில் கடையில் 35 ரூபாய்க்கு விற்கும் ஆசிட்டை ஊற்றினேன். அன்று காலையில் சாக்கடைத் துளையில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்ததை மறந்துவிட்டேன். இரண்டும் கலந்ததும் கண்ணெரியும் நெடி எழுந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து, கதவை விரியத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுக்கவே கூடாது. எழுவது நச்சு வாயு. ஆசிட் பட்ட இடத்தில் ஓடுகளுக்கு இடையிலிருந்த சிமென்ட்டும் அரித்துப்போயிருந்தது.

பிறகு எலுமிச்சை உப்புக்கு (சிட்ரிக் அமிலம்) மாறினேன். 100 கிராம் 40 ரூபாய். ஒரு லிட்டர் சுடுநீரில் 50 கிராம் கரைத்து, அதில் பனியன் துணியை நனைத்துக் குழாயின் கழுத்தைச் சுற்றிக் கட்டி, 45 நிமிடம் விட்டேன். அவிழ்த்தபோது வளையம் இன்னும் அப்படியே இருந்தது போல் தெரிந்தது. ஆனால் கட்டைவிரல் நகத்தை வைத்ததும் அவித்த முட்டையின் ஓடு போலப் பெயர்ந்து வந்தது. அடியில் குழாய் புதிதாக மின்னியது. தூறல் குழாய்க்கு (ஷவர்) அதே கரைசலைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டு இரவு முழுக்கத் தொங்கவிட்டேன். அடைபட்டிருந்த துளைகள் ஏறக்குறைய எல்லாமே திறந்துகொண்டன.

புரட்டாசியில் நான் எதையும் செய்யவில்லை. அட்டையில் அந்த மாதத்துக்கு ஆயுத பூஜை வேலைகள் மட்டும் இருந்தன. மொட்டை மாடியையும் ஓட்டையும் தீபாவளி வேலைகளோடு சேர்த்து ஐப்பசி முதல் வாரத்தில் போட்டிருந்தேன். ஓடு மாற்றுபவரைக் கூப்பிட்டபோது, "ஏனுங்க, இப்பத்தான் எல்லாரும் கூப்பிடறாங்க, ஒரு மாசம் முந்திச் சொல்லியிருந்தா வந்திருப்பேனுங்களே" என்றார். அவருக்காகக் காத்திருந்த ஐந்தாம் நாள் இரவில் மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் விழுகிறது என்பது தெரிந்தும், தீபாவளி தேதியை வைத்து வேலையை அடுக்கியது என் தவறு.

காலை ஆறு மணிக்கு மாடிக்குப் போனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. பள்ளி அளவுகோலை வைத்துப் பார்த்தேன், மூன்றரை அங்குலம். தண்ணீர் இறங்கும் குழாய் மூன்று அங்குலம்தான். அதன் வாயில் வேப்பஞ்சருகும் அணில் கட்டிய நார்க்கூடும் சேர்ந்து மூடி போட்டது போல் அடைத்திருந்தன. கையை விட்டு இழுத்ததும் இருபது நிமிடத்தில் வடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் கீழே அட்டாலிக்கு (பரண்) மேல் இரண்டடிக்கு மூன்றடி ஈரம் இறங்கி, தகரப் பெட்டியின் மூடி வழியாக உள்ளே போயிருந்தது. என் கல்யாணப் பட்டின் முந்தானைச் சரிகை ஒரு கை அகலத்துக்குக் கறுத்துவிட்டது. அதை இன்னும் மடித்து வைக்காமல் கொடியிலேயே வைத்திருக்கிறேன். ஆசாரத்தில் 14 ஓடுகள் உடைந்தும் நகர்ந்தும் இருந்தன. ஓடு 490, ஆள் கூலி 1,800, மாடிக் குழாய் ஓரம் பூசியது 650 ரூபாய்.

மழை தெளிந்ததும் ஈசல் பறந்தது. மறுநாள் அத்தை சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டின் கதவு நிலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார்கள். சாமான் அறை நிலையில் ஒரு முழம் உயரத்தில் சத்தம் மாறியது. பெட்டிகளை நகர்த்திப் பார்த்தால் சுவரோரம் கரையான் மண் ஏறியிருந்தது. அந்த அறையின் பெட்டிகளை ஈராண்டாக யாரும் நகர்த்தவில்லை. பலகையின் கீழ்ப்பகுதியை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்திருந்தால் நிலையே போயிருக்கும்.

கார்த்திகையில் ஈரம் இறங்கிய சுவரில் பூசணம் பூத்தது. காய்ந்த துடைப்பத்தால் தட்டிவிட்டேன். அது அறை முழுக்கப் பறந்து, சின்னவனை இன்னொரு முறை மருத்துவரிடம் கொண்டுபோக வைத்தது. அதன்பின் பிளீச்சிங் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஒற்றி எடுத்தேன். உடனே வண்ணம் பூசிவிடலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, ஒரு அடி சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடா போட்டுச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் உட்புறத்தில் நீர் முத்து கட்டியிருந்தது. வாரம் ஒரு முறை இப்படிப் பார்த்ததில், முத்து கட்டாமல் இருக்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த மாதங்களில் வெள்ளிக்கிழமைதோறும் மாட்டுத் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தோம். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டால் போதாது.

மார்கழியில்தான் எல்லாம் கைகூடியது. காற்று இல்லை, பனி உண்டு, கிணற்றில் தண்ணீர் உண்டு. 14 அடி மூங்கிலின் நுனியில் லேசாக ஈரப்படுத்திய பனியன் துணியைச் சுற்றிக்கட்டி, கைமரங்களின் மேலிருந்து தொடங்கி ஒட்டடை எடுத்தேன்; ஈரத்துணியில் நூலாம்படை சுருண்டு ஒட்டிக்கொண்டதே தவிரப் பறக்கவில்லை. ஜன்னல்களையும் கொசுவலைகளையும் ஒரே முறைதான் கழுவினேன். சித்திரையில் பொடியாய்ப் போன சுற்றுச்சுவரைத் தேய்த்துவிட்டு, முந்தைய மாலை தண்ணீர் தெளித்து, காலை ஏழு மணிக்குள் அதே கலவையில் சுண்ணாம்பு அடித்தேன். மூன்று வாரமாகியும் கையில் ஒட்டவில்லை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது எங்கள் ஊரில் ஏன் வழக்கமானது என்று அந்தச் சுவரைத் தொட்டபோது தெரிந்தது. அதற்காகப் பண்டிகையை நம்பி எல்லா வேலையையும் அடுக்கலாம் என்று சொல்ல மாட்டேன்; தீபாவளியை நம்பியதால்தான் பட்டுச் சேலை போனது.

பழைய அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாக எழுதியிருக்கிறேன். இப்போது பன்னிரண்டு கட்டங்கள் இல்லை. மாசி, பங்குனியில் தொட்டியும் வெயில் வேண்டிய வேலைகளும். காற்று மாதங்களில் கதவுக்குள் செய்பவை. ஆவணிக் கடைசியில் வேப்பங்கிளை கழிப்பது. புரட்டாசி பத்துக்குள் மாடி, ஓடு, தண்ணீர் இறங்கும் குழாய். மழை மாதங்களில் வாரச் சுத்தத்துக்கு மேல் எதுவும் இல்லை. மார்கழியில் ஒட்டடை, ஜன்னல், சுண்ணாம்பு. சித்திரை வெறுமையாகக் கிடக்கிறது, அப்படியே கிடக்கட்டும். குழாய் வாய்க்கு 40 ரூபாயில் கம்பிவலைக் கூம்பு வாங்கிச் செருகியாகிவிட்டது. ஓடு மாற்றுபவருக்கு ஆவணியிலேயே சொல்லி வைக்க வேண்டும். அட்டாலிப் பெட்டிகளுக்குக் கீழே இரண்டு செங்கல் உயரம் கொடுத்து, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்திருக்கிறேன்.

மேற்குப் பக்கம்தான் பாக்கி. மண்பாதை ஓரத்தில் கிளுவைக் குச்சி ஊன்றி வேலி கட்டலாம் என்று கணவர் சொல்கிறார். அது தழைத்து அடர நாளாகும். அதுவரைக்கும் திண்ணையின் மேற்குத் திறப்பில், பத்தடி அகலத்துக்கு 50 சதவீத நிழல்வலையை வைகாசியிலேயே கட்டிவிடப் போகிறோம். ஆடி பிறந்ததும் அதே ஆசாரத்தை, அதே துடைப்பத்தால், அதே ஆறு மணிக்குப் பெருக்கி ஏழு நாள் எடை போட வேண்டும்.